எலி கடித்த இடது கால்

மார்ச் 3, செவ்வாய்

பொம்மை வந்துவிட்டது. அக்காவே கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி, பெட்டிக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் ஒரு மெல்லிய துணி, அதற்குள் அவள். நாற்பத்தைந்து வயதுக்கு என்னைவிட நன்றாகவே இருக்கிறாள். இடுப்பு இடுப்பாகவே இருக்கிறது.

"கை கழுவினியா?" என்றாள் அக்கா.

கழுவியிருந்தேன். மறுபடியும் போய்க் கழுவினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. பல் லேப் ஒன்றில் ஊரார் வாய்க்குள் போகிற பல் செட்டுகளைச் செய்கிறவள். நாள் முழுக்கக் கை கழுவுவதுதான் பிழைப்பே. இருந்தும் இந்தக் குடும்பத்தில் நான் எலி. ஐந்து வயதில் அக்காவின் பொம்மைக் காலைக் கடித்து வைத்தவள். அக்காவின் மகள்கூட என்னை 'எலி சித்தி' என்றுதான் கூப்பிடுகிறாள். கடித்த நாளிலிருந்து இந்தப் பொம்மையைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. இன்றுதான் தொட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எப்படிக் குடுத்தேனோ அப்படியே வரணும்."

வரும். ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த எலிப் பட்டத்தையும் அதோடு சேர்த்துக் கழற்றி வைக்கப்போகிறேன். பரிசெல்லாம் அப்புறம்தான்.

மார்ச் 5, வியாழன்

பொம்மை உடைப் போட்டியின் விதிமுறைத் தாளை மூன்றாம் முறை படித்தேன். பழைய பொம்மைப் பிரிவு. பொம்மைக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். உடை, செருப்பு, கைப்பை, ஒரு நகை, எல்லாமே கையால் செய்ததாக இருக்க வேண்டும். நடுவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். பொம்மை மேல் கறை இருந்தால் மதிப்பெண் குறையும்.

புதுப் பொம்மைப் பிரிவில் மூன்று வருடம் போய் மூன்று முறையும் 'பங்கேற்றதற்கு நன்றி' அட்டை வாங்கியவள் நான். மகள் அதையெல்லாம் புத்தகத்துக்கு அடையாளம் வைக்க எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

கருநீல வெல்வெட் கோட்டு. கையின் அகலம் என் சுண்டு விரல் அளவு. தைத்து உள்வெளியாகத் திருப்ப லேபிலிருந்து மெழுகு செதுக்கும் குச்சியைக் கொண்டுவந்தேன். சாயம் போகக் கூடாது என்று வெல்வெட்டை உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசியாயிற்று. பொத்தான்கள், லேபில் மிஞ்சிய ஈறு நிற அக்ரிலிக்கில்.

"ஈறைப் பிடுங்கிக் கோட்டுல வச்சிருக்கியாம்மா?" என்கிறாள் மகள். வைத்திருக்கிறேன். நீலத்தின் மேல் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது!

அதே நீலத்தில் முழங்கால் வரை காலுறை. மகளுடைய பழைய பனியனின் கையை வெட்டித் தைத்தேன். வடிவம் படியட்டும் என்று போட்டபடியே விட்டிருக்கிறேன். செருப்பு அளவெடுக்க மட்டும் இடது காலுறையைக் கழற்ற வேண்டும்.

மார்ச் 14, சனி

இடது கால். மெத்தென்ற ரப்பர். பாதத்தின் பக்கவாட்டில் நான் கடித்த தடம் அப்படியே இருக்கிறது. அதற்குத் தக்கபடி செருப்புக்குள் ஒரு சின்ன மெத்தை வைக்க வேண்டும் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

இரண்டு பல். நடுவில் ஒரு சந்து.

ஒவ்வொரு பல்லும் எட்டரை மில்லிமீட்டர். இரண்டு தடவை அளந்தேன். ஐந்து வயதுப் பிள்ளையின் பால்பல் ஆறரைக்கு மேல் போகாது. பல் செய்கிறவளுக்கு இதைக் கூடவா யாராவது சொல்லித் தர வேண்டும்?

அப்போது வீட்டில் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

மார்ச் 16, திங்கள்

போன வருடம் அக்கா இரவில் பல்லைக் கடிக்கிறாள் என்று எங்கள் லேபில்தான் உறை செய்தோம். அவள் பல்லின் பிளாஸ்டர் அச்சு இன்னும் அலமாரியில் இருக்கிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பையிலிருந்த பொம்மையை எடுத்து, அதன் பாதத்தை அக்காவின் அச்சில் வைத்தேன்.

பொருந்திவிட்டது. சந்து மட்டும் இப்போது மயிரிழை குறைந்திருக்கிறது.

அச்சைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த ரப்பர் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! நிஜமாகவே நினைவிருந்ததே — எங்கிருந்து வந்தது அந்த ருசி?

மார்ச் 17, செவ்வாய்

போன் போட்டுக் கேட்கலாமா? என்னவென்று கேட்பது? "உன் அச்சு சாட்சி சொல்லுது" என்றா?

வேண்டாம். அவள் என்னை எலி என்று கூப்பிடுகிற அடுத்த நொடியில் எடுத்து வீசுகிறேன். அதுவரை துருப்புச் சீட்டு கையில் இருக்கட்டும்.

மார்ச் 25, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

வலது செருப்புக்குக் கடைசி அளவு பார்க்க அந்தக் காலுறையைக் கழற்றினேன். முழங்காலுக்குக் கீழே கால் முழுக்க நீலம். துடைச்சேன், போகல. சோப்பு போட்டேன், போகல. இடது காலுறையை ஆறாம் நாளே கழற்றி வச்சதால அது தப்பிச்சுது. இதைப் பதினேழு நாள் அப்படியே மாட்டி வச்சிருந்தேனே, என் புத்தி எங்க போச்சு? வெல்வெட்டை மூணு தடவை அலசினவ, பனியன் துணிதானே, அஞ்சாறு வருஷம் துவைச்சதுதானேன்னு அதை மட்டும் விட்டுட்டேன். வெளுத்த துணியா இருந்தாலும் ரப்பர் சாயத்தை இழுத்துக்கும். இதை நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

இடது காலை அவள் கெடுத்தாள். வலது காலை நான்.

மார்ச் 26, வியாழன்

நான் அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மகள் தன் பருக் களிம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது என் தலையணை உறையில பட்டு, பட்ட இடமெல்லாம் வெளுத்துப் போச்சும்மா. தடவிப் பாரேன்."

பெற்றவளுக்குத் தோன்றாதது பெற்றதற்குத் தோன்றியிருக்கிறது. தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி வைத்தேன். எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, காலில் கட்டோடு வெயில் காய்கிற பொம்மையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். "பொம்மை எப்படி இருக்கு?"

"வெயில் காயுது" என்றேன். பொய் இல்லை.

ஏப்ரல் 1, புதன்

கொஞ்சம் வெளுத்திருக்கிறதா? அல்லது வெளுத்திருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறேனா? மகளைக் கேட்டேன். "வெளுத்திருக்கும்மா" என்றாள், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே.

ஏப்ரல் 4, சனி

சொல்லிவிட்டேன்.

கறை பாதிதான் போயிருக்கிறது. முழுக்கப் போன பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்படிக் கொடுத்தால் அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போனை எடுத்து ஒரே மூச்சில் கொட்டினேன். காலுறை, நீலம், களிம்பு, ஜன்னல், எல்லாம். துருப்புச் சீட்டு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

அக்கா கத்தவே இல்லை.

"சரி விடு. பொம்மைதானே. நீ அழாத" என்றாள்.

பொம்மைதானேயா? இந்தப் பொம்மைக்காக என் சடையைப் பிடித்து இழுத்தவளா இப்படிச் சொல்கிறாள்? சீட்டை வீசவில்லை. வீசத் தோன்றவும் இல்லை. போனை வைத்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போயிருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

போயே போய்விட்டது! முழங்காலுக்குப் பின்னால் கூடத் தேடிவிட்டேன். அப்பாடா. புதிய காலுறை வெள்ளைத் துணியில். இனி என் ஆயுசுக்கும் வெள்ளைதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போட்டி. அக்கா தானும் வருவேன் என்று வந்துவிட்டாள்.

நடுவர் அம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஈறுப் பொத்தானைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பல் செட்டுக் கம்பியில் செய்த கைப்பைக் கொக்கியை நாலு முறை திறந்து மூடினார். வலது கால், சுத்தம். இடது செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த மெத்தையைப் பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பினார்.

"இது என்ன? கடிச்ச மாதிரி இருக்கே, யாரு?"

கேள்விக்குப் பழகிப்போன வாய். "நான்தா—" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"நான்" என்றாள் அக்கா, பின்னாலிருந்து. "ஒன்பது வயசுல. கடிச்சுட்டுப் பழியை இவ மேல போட்டுட்டேன். இவ ஒண்ணும் பண்ணல."

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் பேனாவைத் திறந்தபடியே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷம்தான். அழுகையும்தான். இரண்டாம் பரிசு என்று என் எண்ணைக் கூப்பிட்டபோது நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள்தான் போய் வாங்கி வந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா சொன்னாள்: "கணக்குல நூத்துக்குப் பதினொண்ணு. ஆத்திரத்துல கையில அதுதான் கிடைச்சுது. அம்மா கேட்டாங்க. நீ எதைக் கொடுத்தாலும் வாயில வைக்கிற பிள்ளை. உன்னைக் கை காட்டிட்டேன். அப்புறம் வருஷம் ஆக ஆக, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ சாயம் ஒட்டினதைச் சொல்லிட்டு அழுதியே, அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல."

பிளாஸ்டர் அச்சைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. நாளை முதல் வேலையாக அதை உடைத்துப் போட வேண்டும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பொம்மை இப்போது என் அலமாரியில் நிற்கிறது. "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று அக்கா விட்டுவிட்டுப் போனாள். அவள் மகள் காலையில் போன் செய்து "சித்தி" என்றாள். வெறும் சித்தி.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே அலமாரிக்குப் போனாள்.

"கை கழுவினியா?" என்றேன்.

போய்க் கழுவிவிட்டு வந்தாள்.