கேட் மேட்டில் நிற்கும் கார்

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வேதியியல் ரெக்கார்டு பாதிதான் முடிந்தது.

ஜாபர் மாமாவின் கார் மறுபடியும் ரயில்வே கேட் மேட்டில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை. மூன்றும் ஒரே இடம், தண்டவாளத்துக்கு நாலடி முன்னால். அத்தா ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்து நம் பட்டறையில் விட்டார்.

மாமா அம்மாவுக்குச் சித்தப்பா மகன். எதிர் வீடு. துபாயிலிருந்து இரண்டு மாத லீவ். வந்ததும் கோயம்புத்தூர் போய் இதை வாங்கினார். இருபது வருடப் பழைய மாடல், டர்போ வைத்தது, பந்தயக்காரர்கள் தேடி வாங்குவார்களாம். கறுப்பு.

அத்தா சொன்னது: ஸ்டார்ட் ஆகிறது. சமதளத்தில் ஓடுகிறது. மேடு ஏறினால் திக்கிச் சாகிறது. கீழே தள்ளிப் பத்து நிமிடம் விட்டால் உயிர் வருகிறது. ஆக, பெட்ரோல் போய்ச் சேரவில்லை. பம்ப்.

டிரைவர் கதவைத் திறந்தாலே பின்சீட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். இரண்டு நொடி.

"சாவியே போடலயே அத்தா?"

"இந்த மாடல் அப்படித்தான். ஆளு ஏறப் போறான்னு பம்ப்பு முன்கூட்டியே தயாராவுது."

மாமா சிரித்தார். "நம்ம வூட்ல ஒருத்தரும் நமக்காக இப்படி எந்திரிக்கிறதில்ல மச்சான்."

வாசலில் நின்ற அவர் மனைவி நூரு மாமி சிரிக்கவில்லை. "உள்ளுக்குள்ள ஆளு படுத்திருக்க மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அக். 13, திங்கள்

விடியற்காலை சுபுஹு பாங்கு முடிந்து கொஞ்ச நேரம். பட்டறைக் கொட்டகை என் ஜன்னலை ஒட்டி. ம்ம்ம். இரண்டு நொடி.

எழுந்து போய்ப் பார்த்தேன். சாவி சமையலறை ஆணியில். அத்தா பள்ளிவாசலில். அம்மா தொழுதுகொண்டிருந்தார். கதவை யாரும் திறக்காமல் எப்படி?

பம்ப்புக்கு மின்சாரம் விடும் ரிலே ஒட்டிக்கொண்டதோ என்று சாயங்காலம் கேட்டேன். அத்தா கழற்றித் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கனவு கண்டிருப்பே."

நாளை கணக்குத் தேர்வு.

அக். 14, செவ்வாய்

கணக்கு சுமார். ஐந்தாவது வினா போச்சு.

திருச்சியிலிருந்து பஸ் பார்சலில் பம்ப் வந்தது. நான் டார்ச் பிடித்தேன். பின்சீட்டைத் தூக்கி, வட்ட மூடியைக் கழற்றி, பழையதை வெளியே எடுத்தார் அத்தா. அதன் சல்லடையில் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ. பம்ப் உடம்பெல்லாம் துருப்புள்ளி.

"பெட்ரோலுக்குள்ளயே கெடக்கிறதுக்கு எங்கிட்டிருந்து துரு?" என்றார். என்னிடம் இல்லை, பம்ப்பிடம்.

புதியது போட்டு அழுத்தம் பார்க்கும் மீட்டர் மாட்டினோம். முள் சரியான அளவுக்கு ஏறி அங்கேயே அசையாமல் நின்றது. கேட் மேட்டில் மூன்று தடவை ஏற்றி இறக்கினார்கள். நிற்கவில்லை. மாமா அத்தாவைக் கட்டிப்பிடித்தார். அத்தா வெட்கப்பட்டார். கார் இன்னும் இரண்டு நாள் பார்வையில் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இன்று விடியலிலும் முனகல். யாரிடமும் சொல்லவில்லை.

அக். 16, வியாழன்

நேற்றும் இன்றும் விடியலில் முனகல்.

நல்ல மழை. மாமா எடுத்துப் போன கார் நின்றுவிட்டது. அதே மேடு. இந்த முறை கேட் மணி அடித்துக்கொண்டிருந்ததாம். நாலு பேர் ஓடிவந்து பின்னால் தள்ளியிருக்கிறார்கள்.

மாமா பட்டறை வாசலில் நின்று தெரு கேட்கக் கத்தினார். "ஒங்க கைராசி போச்சு மச்சான். நான் காரைக்குடிக்குக் கொண்டுபோறேன்."

டீக்கடையில் ஒருவர்: "கேட்ல அடிபட்டுச் செத்தவன் ஏறிக்கிர்றான்யா. அவன் எடம் வந்ததும் எறங்குறான்." ஒருவரும் மறுக்கவில்லை.

அத்தா சாப்பிடவில்லை. டாங்கிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல். கீழே வேறொன்று, கலங்கலாக.

எனக்குத் தெரியும்! பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். மேடு ஏறும்போது பின்பக்கம் சரிந்து பம்ப்பின் வாய்க்கு வரும். சொன்னேன்.

"அப்ப ஆவி தண்ணி குடிச்சிட்டு ஏறுதாக்கும்" என்றார் அத்தா. பிறகு சிரிப்பு போய்விட்டது. "மூடி இறுக்கமா இருக்கு. மழை உள்ள போகாதே."

அக். 17, வெள்ளி

தூங்காமல் காத்திருந்தேன். பாங்கு. அத்தா போனார். ஜன்னலில் நின்றேன்.

ம்ம்ம்.

காரின் பின்பக்கம் வெள்ளையாக ஓர் உருவம் குனிந்திருந்தது. முகம் இல்லை. உருவம் நிமிர்ந்தது. வெள்ளைத் துப்பட்டி. கையில் சின்ன பாட்டில். நூரு மாமி.

வெளியே ஓடினேன்.

"சத்தம் போடாத புள்ள." மாமியின் கை ஐஸாக இருந்தது. இரண்டாவது சாவி அவரிடம். பெட்ரோல் மூடியைத் திறக்கும் நெம்புகோல் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். அதற்காகக் கதவைத் திறந்ததில்தான் முனகல்.

"ஓதின தண்ணிம்மா. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட ஓதி வாங்குனது. குடிக்கக் குடுத்தா இவுக குடிக்கவா போறாக? அதான் வண்டிக்கு."

"எப்போதிலிருந்து மாமி?"

"இது வந்த அன்னைக்கே கனவு. கேட்ல இவுக. தண்டவாளத்துல. மறுநாள் ஒரு மூடி ஊத்துனேன். நாலாம் நாளு அங்கனயே நிக்குது! கனவுல கண்ட அதே எடம். பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஊத்துனேன். மறுபடி அங்கனயே."

அதனால் இன்னும் கொஞ்சம். அதனால் மறுபடி.

விளக்கிச் சொன்னேன், படம் போடாத குறையாக. மாமி கேட்டார். காலி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப நான்தான் அங்கன நிறுத்துனேனா?"

அக். 18, சனி

அத்தாவிடம் சொல்லிவிட்டேன். பட்டறையின் பெயர் போய்க்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. மாமாவிடம் அத்தா "எங்கயோ தண்ணி கலந்த பெட்ரோல போட்டுருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

டாங்கை இறக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, குழாயெல்லாம் ஊதி மாட்டினார்.

நான்கு மணிக்குச் சோதனை ஓட்டம். ஓட்டியது மாமா. பக்கத்தில் அத்தா, பின்னால் நான். இந்த வேகத்தில் நான் எதிலும் போனதில்லை. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.

கேட் மணி அடித்தது. கம்பு இறங்க ஆரம்பித்தது.

"மச்சான், நிறுத்துங்க" என்றார் அத்தா.

மாமா ஆக்சிலரேட்டரை மிதித்தார். கம்பின் நுனி பின்கண்ணாடிக்கு மேல் போனதை நான் திரும்பிப் பார்த்தேன். திக்கவே இல்லை.

"எப்படி எடுக்குது பாத்தீங்களா! இதுதான் மச்சான் வண்டி!"

பட்டறைக்குத் திரும்பினோம். அத்தா இறங்கியபின், "மச்சான், இனிமே அப்படி ஓட்டாதீங்க" என்றார். மாமா அத்தாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அக். 19, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. மாமா ஆறே காலுக்குத் திருச்சிக்குக் கிளம்பினார். தெருமுனைவரை சத்தம் கேட்டது.

நூரு மாமி வந்தார். உட்காரவில்லை.

"டாங்கிய சுத்தமா கழுவிட்டாகளா?"

"சுத்தமா, மாமி."

"ஒரு சொட்டுகூட இல்ல?"

"இல்ல மாமி. நானே பார்த்தேன்."

மாமி தலையை ஆட்டினார். கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இனிமே அங்கன நிக்காது" என்றார்.