பின் ஸீட் இல்லாத வண்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், தரையோடு தரையாகக் கிடக்கும் உன் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார். அதோடு இது போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுகிற சங்கதி. நான் அழுதால் நீ அங்கே அழுவாய், அப்புறம் உன் அப்பா இரண்டு பேரையும் திட்டுவார். அதனால் சமையலறை மேஜையை நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டும்மா, இல்லேன்னா பேட்டரி செத்துடும், ஆனா யாருக்கும் குடுக்காதே, யாருக்கும்னா யாருக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் சித்தப்பா லீவுக்கு வெளியூர் போக ரெண்டு நாள் மட்டும் அண்ணி என்று வந்து நின்றார். எதிர் வீட்டு வாத்தியார், மகன் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கணும், வண்டி சும்மா நின்னா போதும், ஓட்டக்கூட வேண்டாம் என்றார். மாடி வீட்டுப் பல் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் தினமும் படி இறங்கும்போது வண்டியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், அது கேட்பதைவிட மோசம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று எல்லோரும் வந்தால் நான் என்ன செய்வேன், ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு எப்படி இல்லை என்பது. அதனால் எல்லோருக்கும் ஒரே பதில், முதலாளியம்மா உத்தரவு இல்லை. கஞ்சப் பிசினாறி என்று என் காதுபடவே பேர் வாங்கிவிட்டேன், இருக்கட்டும், நீ உழைத்து ஆசைப்பட்டு வாங்கியது. உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக் கடைக்காரர் ஆயிற்றே, உன் வண்டியில் ஒரு கைரேகை பட்டால் போதும், சாப்பாட்டை விட்டுவிட்டுத் துணியோடு ஓடுவார். ஆனால் ஏறி உட்காரு என்றால் மட்டும் மாட்டார். ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, படுத்துக்கிட்டே ஊர்வலம் போற வயசு எனக்கு இன்னும் வரலைடி என்று இறங்கிவிட்டார்.

இறங்கினது என்றதும் ஞாபகம் வருகிறது, என் முட்டிக் கதையைச் சொல்கிறேன் கேள். நான் டெலிவரிக்கு ஓட்டுகிற பேக்கரி வேனில் ஏறுவது மாடிப்படி ஏறுவது மாதிரி, எனக்குப் பழகிப்போச்சு. உன் வண்டியில் ஏறுவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. உள்ளே போவதில் ஒரு கஷ்டமும் இல்லை, சொத்தென்று விழுந்தால் ஸீட். வெளியே வருவதுதான் பெரும்பாடு. முதல் வாரமே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து வாசலில் நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், காலை வெளியே வைத்தேன், அவ்வளவுதான், முட்டி பூட்டிக்கொண்டது. ஹாரன் அடித்துத்தான் ஆளைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பிடித்து இழுப்பது இந்தத் தெருவுக்கே ஒரு வேலை. வேடிக்கை என்னவென்றால், யார் யாருக்கெல்லாம் வண்டியைக் கொடுக்கவில்லையோ அவர்கள்தான் வந்து கை கொடுத்தார்கள். பல் டாக்டர், எத்தனை கடவாய்ப் பல்லை இழுத்த கை இது, உங்களை இழுக்கறது ஒண்ணும் பெரிசில்லைம்மா என்று சிரித்துக்கொண்டே இழுப்பார். வாத்தியார் ஒரு கை, அவர் சம்சாரம் ஒரு கை. ஒருவர்கூடக் குத்திக்காட்டவில்லை. வண்டியைக் கொடுக்காதவளுக்குக் கையைக் கொடுக்கிறார்களே என்று எனக்கு நன்றியும் வரும், கூச்சமும் வரும்.

ஞாயிற்றுக்கிழமையானால் உன் மாமா. என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் இழுப்பதே தனி அழகு. இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினவன் அல்லவா, அக்குளுக்கடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை, மெதுவாக்கா, மெதுவா, ஒண்ணு ரெண்டு மூணு என்பான், நான் நிற்பதே எனக்குத் தெரியாது. அவன் முதுகு வலி என்று லீவில் இருந்தான், அப்படி இருந்தும் ஞாயிறு தவறாமல் நடந்தே வந்து என்னைத் தூக்கிவிட்டுப் போனான். முதுகு வலிக்காரன் எப்படி ஆளைத் தூக்குகிறான் என்று என் மர மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு ஞாயிறு டீ குடித்துவிட்டு வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான், பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம், அக்கா, ஒரே ஒரு தடவை நான் இதை எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுமா என்றான். எனக்கு இல்லை சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. போடா, உன்கிட்டக் குடுத்தா சைரன் இல்லாமலே நாலு சிக்னலைத் தாண்டிடுவே, முதலாளியம்மா உத்தரவு இல்லை என்று சிரித்தேன். அவனும் சிரித்தான், சரிக்கா என்று போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, பல் டாக்டர்தான் இழுத்தார். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபித்துக்கொண்டான் போல, இந்த வயதில் ஒரு வண்டிக்காகக் கோபமா என்று எனக்கும் வீம்பு ஏறிவிட்டது, நானும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு நாள் நான் டெலிவரி முடித்துக் காலித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது உன் மாமா வீட்டு அத்தை பேக்கரிக்கு வந்தாள். ரொட்டி வாங்க வந்தவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். முதுகு வலியும் இல்லையாம் ஒன்றும் இல்லையாம். லீவு போடுவதற்கு முன் கடைசியாக ஓட்டினானே, அன்று பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டனவாம், இவனும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான், ஏற்றிக்கொண்டு வந்த நோயாளிக்கு வழியிலேயே முடிந்துவிட்டது. இவன் மேல் ஒரு தப்பும் இல்லை, பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். ஆனால் கூட வந்த அந்தப் பெண், அவர் மனைவி, பின்னாலிருந்து சீக்கிரம் போங்கண்ணா, சீக்கிரம் போங்கண்ணா என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கிறதாம் இவனுக்கு. சொந்த வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டான், கடைக்கும் நடைதான். ஒண்ணாம் தேதிக்குத் திரும்பி ஓட்ட வரவில்லை என்றால் ஸ்டோர் ரூமில் வேலை போட்டுவிடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கா ஸ்டோர் ரூம், மீனைப் பிடித்து மரத்தில் கட்டின மாதிரி. அப்புறம் அத்தை சொன்னாள் பார், அந்த ஞாயிறு உங்க வீட்டுக்குக் கிளம்பும்போது, அக்கா பொண்ணு வண்டியில பின்னாடி ஸீட்டே கிடையாது, அதுல உக்காந்தா அந்தக் குரல் கேக்காதோ என்னவோ, அக்காகிட்டக் கேட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தார் என்று. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது கண்ணு. ஊரில் எல்லோரும் ஆசைக்குக் கேட்டார்கள், அவன் ஒருவன்தான் மருந்துக்குக் கேட்டிருக்கிறான், அவனிடம் போய் நான் சைரன் ஜோக் அடித்திருக்கிறேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு உன் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். வெளியே வந்தான், மூன்று வாரத் தாடி, சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருக்கிறான். சத்தியமாக நான் நடிக்கவில்லை, முட்டி பூட்டித்தான் இருந்தது. கிட்டே வந்து, மெதுவாக்கா என்று தூக்கி நிறுத்தினான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்து ஸீட்டில் சொத்தென்று விழுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முட்டி மடங்கலைடா, என்னால பெடல் மிதிக்க முடியாது, கொண்டுபோய் வீட்ல விடு என்றேன். இது கொஞ்சம் நடிப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். எதிர் வீட்டம்மா ஒரு வாளித் துணியையும் காயப்போட்டு முடிக்கும் வரைக்கும் அவன் அப்படியே நின்றான். அத்தை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், அவனைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். கடைசியில் கதவு திறந்தது, உட்கார்ந்தான்.

முதல் இரண்டு தெரு சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏண்டா, கிரீம் கேக் ஏத்திக்கிட்டு நானே இதைவிட வேகமாப் போவேன், என் மானத்தை வாங்காதே என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் கியர் மாற்றினான். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேர் ரோடு இருக்கிறதே, லாரிகூட அதிகம் வராதே, வீட்டுக்குத் திரும்பாமல் அதில் போய் ஏறினான். அப்புறம் ஒரு மிதி மிதித்தான் பார், இரண்டு கையாலும் ஸீட்டைப் பிடித்துக்கொண்டேன். ஐயோ பாவி, உன் வண்டிக்குள் இப்படி ஒரு புலி இருப்பது இத்தனை மாதமாக எனக்குத் தெரியவே தெரியாது, நான் அதை ரொட்டித் தட்டு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ரோடு முடியும் இடத்தில் ஓரமாக நிறுத்தினான். கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தான். அக்கா, பின்னாடி சத்தமே இல்லக்கா என்றான். பின்னாடி இடமே இல்லையேடா என்றேன். இத்தனை வருஷத்தில் அவன் எத்தனையோ தடவை வேகமாகப் போயிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் பின்னால் யாரோ உயிருக்குத் துடித்துக்கொண்டு. பின்னால் யாரும் வலியில் இல்லாமல் அவன் வேகமாகப் போனது இதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான், நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

வீட்டு வாசலில் வந்து நிறுத்தினானா, நிறுத்தின கையோடு கதவைத் திறந்து குதித்துப் பின்பக்கம் ஓடினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் டிக்கியைத் தட்டித் தடவிக் கைப்பிடியைத் தேடுகிறான். ஆம்புலன்ஸ் நின்றதும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பழகின கால், தானாக ஓடியிருக்கிறது. அங்கே ஏது பின்கதவு. ஒரு கையை டிக்கியில் வைத்தபடி திருதிருவென்று நின்றான், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே முடியவில்லை அவனால், நானும் உள்ளே மாட்டிக்கொண்டு சிரிக்கிறேன். சத்தம் கேட்டு உன் அப்பா துடைக்கிற துணியோடு வந்தார், பல் டாக்டர் படியில் நின்று பார்த்தார். அதெல்லாம் முடிந்துதான் யாருக்கோ என்னை இழுக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. மறுநாள் அவன் தன் வண்டியின் உறையை எடுத்துவிட்டான். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒண்ணாம் தேதியிலேர்ந்து வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தான். குரல் முழுக்கப் போய்விட்டதா என்று அத்தை கேட்டதற்கு, வருது, ஆனா இப்ப கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு என்றானாம். எனக்கு அது போதும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பேச்சை நான் மீறவில்லை, வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை, நான் உள்ளேதான் இருந்தேன். இன்சூரன்ஸ் ஆபீசிலும் கேட்டுவிட்டேன், லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லுமாம். சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது. உன் மாமா வருகிறான், பார்க்கிறான், கேட்க மட்டும் மாட்டேன் என்கிறான், அது அவ பொருள்க்கா, நான் ஒரு தடவை கேட்டதே தப்பு என்கிறான். அதனால் நீ ஒன்று செய், அம்மாவிடம் சரி என்று சொல்லாதே, அவனையே கூப்பிட்டுச் சொல். ஒரு மோசமான நாள் முடிந்து வந்தால் அந்த நேர் ரோட்டில் ஒரு தடவை போய்வர அவனுக்கு ஒரு சாவி இருக்கட்டும். சித்தப்பாவுக்கும் வாத்தியாருக்கும் என் பதில் பழைய பதில்தான், நீ பயப்படாதே. இன்னும் யோசனையாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அவன் முதல் வண்டி வாங்கி, ஸீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உன்னிடம் கொடுத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தானே, பின் விளக்கு உடைந்து வந்ததே, நான்தாங்க்கா ரிவர்ஸ் எடுக்கும்போது சுவத்துல இடிச்சிட்டேன் என்றானே. ஏண்டி, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா, அன்றைக்கே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன், பரவாயில்லை.

நீ இந்த வண்டியை விட்டுவிட்டுப் போனபோது, பிள்ளையைப் போல இதையும் கட்டிக் காக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் உன்னைத் திட்டினேன். இப்போது தினமும் உனக்கு நன்றி சொல்கிறேன் அம்மாடி, நீ எதை வைத்துவிட்டுப் போனாய் என்று உனக்கே தெரியாது. நீ நன்றாக இரு, நீண்ட ஆயுசோடு இரு, உனக்கு முடியாதபோது தூக்கிவிட நாலு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். காதை மூடிக்கொள்ள மறக்காதே. மாமா வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ராத்திரி ஷிப்டில் கூப்பிடாதே, எடுக்க மாட்டான், காலையில் கூப்பிடு. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை, டிக்கியின் மேல் ஒரே ஒரு முழுக் கைத்தடம் மட்டும் அப்படியே இருக்கிறது, உன் அப்பா தினமும் வண்டி முழுக்கத் துடைக்கிறார், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா