ஓசூரில் நாங்கள் பால் காய்ச்சிய வீடு

கௌமாரியம்மன் துணை

சுருளிப்பட்டி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் விஜயபாண்டிக்கு அம்மா அய்யம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் தேவயானியும் பேரன் இனியனும் நோய்நொடி அண்டாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இனியனுக்குச் சளி விட்டதா, பெங்களூர்க் குளிரில் காலையில் அவனை வெறுங்காலோடு தரையில் நடக்க விடாதே. போனில் பேசாமல் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் மீட்டிங்ல இருக்கேம்மா அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அதோடு போனில் சத்தமாகப் பேசினால் உன் அப்பா காதில் விழும். அவர் கம்பத்துக்கு உழவர் சந்தைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து ஸ்பீடு போஸ்ட்டில் போட்டாக வேண்டும், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறையாமல் வருகிறது, இரண்டாம் போக நெல் கதிர் வாங்கி நிற்கிறது. உன் மாமா வீட்டு மாடு கன்று போட்டதென்று சீம்பால் கொடுத்துவிட்டார்கள், உனக்குப் பிடிக்குமே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நம் திராட்சைத் தோட்டத்தை வாங்கிய சின்னமனூர்க்காரர் நல்ல விவசாயிதான், பந்தலைப் புதுக் கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார், இந்தத் தடவை காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ஊரே சொல்கிறது. உன் அப்பா மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பால் சொசைட்டிக்குப் போக அந்த வழிதான் கிட்டம், அவர் மேற்கே சுற்றிப் போய் வருகிறார், கேட்டால் முழங்காலுக்கு நடை நல்லது என்கிறார். தோட்டத்தை ஒப்படைக்கும் முன் நல்ல கொடியில் குச்சி வெட்டி எடுத்துக் கறுப்புப் பையில் மண் போட்டு நட்டு வைத்தார் அல்லவா, அதில் மூன்று வேர் பிடித்துத் துளிர் விட்டிருக்கிறது. தினமும் டம்ளரால் மோந்து ஊற்றுகிறார். ஓசூர் வீட்டுப் பால்கனியில் டிரம்மில் வைத்துக் கம்பியில் ஏற்றிவிட்டால் இனியன் கையை நீட்டிப் பறிப்பான் என்கிறார். முடி வெட்டுகிறவர், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், யாரைப் பார்த்தாலும் மகன் ஓசூர்ல வீடு வாங்கியிருக்கான், மொத மாடிதான், கால் நோகாம ஏறிரலாம் என்று சொல்லாமல் விடுவதில்லை. இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி மகள் அனுசுயாவும் அவள் வீட்டுக்காரரும் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள், வீடு வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். அத்தே, இந்த வீடு எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, நீங்களும் இந்தப் பக்கந்தான வரப்போறீக என்று கேட்டிருந்தாள். திறந்து பார்த்தால் நம் வீடு. அதே மஞ்சள் திரைச்சீலை, அதே கண்ணாடி மேசை, மேசைமேல் அதே தட்டில் பிளாஸ்டிக் திராட்சைக் குலை. பால் காய்ச்சப் போன அன்றைக்கு உன் அப்பா அந்தக் குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்படி ஒரு குலை எந்தக் கொடியிலும் காய்க்காது என்று சிரித்து, ஒரு பழத்தைக் கிள்ளப் போய் அது கையோடு வந்துவிட்டது, கூட வந்த கம்பெனி ஆபீஸ் பெண் சத்தம் போடுவாளோ என்று பயந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடியோவில் அந்தக் குலையில் ஒரு பழம் இல்லை. அடுப்படி நிலையில் நான் வைத்த குங்குமப் பொட்டு துடைத்தும் போகாமல் சிவப்பாக நிற்கிறது. என் வீட்டை யாரோ திறந்து ஊரெல்லாம் காட்டுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது, அனுசுயாவைக் கூப்பிட்டு எங்க வீட்டுக்குள்ள உன்னை விட்டது யாருடி என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அத்தே, இது யாரு வீடும் இல்ல, மாடல் பிளாட். வாங்க வர்றவுகளுக்கெல்லாம் இதத்தான் தெறந்து காட்டுறாக, இதுல யாரும் குடியிருக்க மாட்டாக என்றாள். உன் பெயரைச் சொல்லி ஆபீசில் விசாரித்துச் சொல்லடி, யாரிடமும் பேசாதே என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள், சிரிப்பு போயிருந்தது. பின்னாடி கட்டடத்தில் உன் பெயரில் ஒரு புக்கிங் இருந்ததாம், தீபாவளிக்கு முன்னாடியே அதை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாயாம்.

ஆவணி மாதத்தை நினைத்துப் பார். தோட்டம் என் பேரிலும் அப்பா பேரிலும் சேர்ந்து இருந்தது. ஓசூர் வீட்டுக்குப் பணம் கொடுக்க அதை விற்பதென்று ரிஜிஸ்தர் ஆபீசில் நாள் குறித்தாகிவிட்டது, நான்தான் பிடிவாதம் பிடித்தேன். புது வீட்டில் என் கையால் பால் காய்ச்சிவிட்டு வந்துதான் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அப்புறம் கூப்பிடுறேம்மா என்று போனை வைத்தாய், பிறகு கூப்பிட்டு சரிம்மா வாங்க என்றாய். விடியக்காலம் ஓசூரில் இறங்கினோம், காரில் கூட்டிப் போனாய், இதுதாம்மா நம்ம வீடு என்று கதவைத் திறந்துவிட்டாய், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். கட்டிலும் சோபாவும் கிடந்தன, கம்பெனியே போட்டுத் தருது என்றாய். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை, கனெக்‌ஷன் அடுத்த மாசம் என்றாய். அடுப்பு பார்வைக்குத்தான் இருந்தது, அந்த ஆபீஸ் பெண் எங்கிருந்தோ கரண்ட் கெட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டிலில் பால் காய்ச்சிக் குடிபோனவள் நம் வம்சத்திலேயே நான் ஒருத்திதான். பால் பொங்கி மேடையில் வழிந்தது, நான் குலவை போட்டேன், அவள் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து துடைத்தாள். பொங்கின பாலை இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பதறிக்கொண்டு துடைக்கிறது என்று மனசு சுருக்கென்றது. படிக்கட்டில் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றது, அவர்களும் இதே கட்டடம்தான் என்றாய். இனி அக்கம்பக்கம் ஆகப்போகிறோமே என்று அந்தம்மாளுக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். மாதிரி வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் ஒருத்தி பால் கொடுக்கிறாளே என்று அவள் திருதிருவென்று முழித்திருக்கிறாள், எனக்கு இப்போதுதான் புரிகிறது. தேவயானிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். அவளுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை, தெரிந்திருந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் ஊருக்கு வந்து நீ காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

அனுசுயா விசாரித்துச் சொன்ன மறுநாள் காலையில் உன்னைப் போனில் பிடித்தேன். இல்லை அம்மா, அனுசுயா தப்பாகச் சொல்கிறாள் என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்றுதான் கேட்டேன். நீ தடுமாறவே இல்லை. ஆமாம்மா, கை மாத்தி விட்டுட்டேன், அது வீடு இல்ல, இன்வெஸ்ட்மென்ட், கட்டட வேல ஆரம்பிக்கும்போது போட்டு வெல ஏறுனதும் எடுத்துரணும், இப்ப கோயம்புத்தூர்ல பைபாஸ ஒட்டி ரெண்டு மனை வாங்கிப் போட்டிருக்கேன், வளர்ற ஊருல முதல்ல உள்ள போறவன்தான் பொழைப்பான் என்று பாடம் நடத்தினாய். அப்ப நாங்க எங்கனடா இருப்போம் என்று கேட்டேன். வாடகைக்குப் பாத்துக்கிரலாம்மா, குடியிருக்கிற வீட்டுல போய் யாராச்சும் பணத்த முடக்குவாகளா என்றாய். பால் காய்ச்சியதைக் கேட்டேன். நம்ம வீடும் அச்சு அசல் அப்பிடித்தானம்மா இருந்திருக்கும் என்றாய். அதே மூச்சில் ஊர் வீட்டையும் கொடுத்துவிட்டால் ஓசூரிலேயே இன்னொன்று போடலாம், ஏர்போர்ட்டு வருது மெட்ரோ வருது என்றாய். கடைசியில் அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீக, அவுக தாங்க மாட்டாக என்று சொல்லி வைத்துவிட்டாய்.

ஏலே பாண்டி, நிலம் வாங்கி விற்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தேனிப் பக்கம் புது ரோடு வந்தபோது இரண்டு மனை வாங்கிப் போடச் சொல்லி உன் அப்பாவை நச்சரித்தவளே நான்தான், அதை விற்றுத்தான் உன்னை இஞ்சினியரிங்கில் சேர்த்தோம். எது பிழைப்புக்கு வாங்குவது, எது குடியிருக்க வாங்குவது என்று எனக்கும் தெரியும். அம்மா, திராட்சையில் இனி நமக்கு வரும்படி இல்லை, விற்று ஓசூரில் போட்டு நாலு காசு பார்க்கிறேன், நீங்கள் ஊரிலேயே இருங்கள் என்று நீ நேராகக் கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம். ஒருவேளை கொடுத்தும் இருப்போம். நீ அப்படிக் கேட்கவில்லை. பேரனோடு இருக்கலாம், உன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று எங்களுக்கு இருந்த ஆசையைப் பார்த்தாய், அதை வைத்துக் கையெழுத்து வாங்கினாய். நம்பிக்கைத் துரோகம் என்ற வார்த்தையைப் பேப்பரில் அடுத்தவர்கள் கதையில்தான் படித்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு அதை எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை, எழுதிவிட்டேன். அழித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை, இருக்கட்டும். ஊர் வீட்டைப் பற்றி இனி என்னிடம் பேசாதே, நான் உயிரோடு இருக்கும் வரை அதற்கு விலை கிடையாது.

என்னை ஏமாற்றியதைக்கூட ஒரு மூலையில் வைத்துவிடுவேன், அப்பாவிடம் சொல்லாதே என்று என்னையும் உன் கூட்டில் சேர்த்தாயே, அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நானும் அவரும் சண்டை போட்டிருக்கிறோம், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் மறைத்து ஒரு காரியம் செய்ததில்லை. இப்போது சோறு போடும்போது அவர் பேச்செல்லாம் அந்த வீடுதான். சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம், உரலை எடுத்துப் போனால் கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்குமா, அங்கன பால் பாக்கெட்டுதானா இல்லை கறந்த பால் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நான் ம் ம் என்கிறேன். ஏன் ஆத்தா, வீடு மாறப் பயமா இருக்கா, நான் இருக்கேன்ல என்று நேற்று என்னைச் சமாதானம் செய்கிறார். எழுந்து கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போன சனிக்கிழமை அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். பயலுக்கு வேல ஓயல, பாவம், நாமளே போய் தண்ணிக் கனெக்‌ஷன் என்னாச்சுன்னு கேட்டுட்டு வருவோம், அவன்கிட்ட முன்கூட்டிச் சொல்ல வேணாம், போய் நின்னா சந்தோஷப்படுவான் என்றார். வருகிற திங்கட்கிழமை ராத்திரி வண்டி. இப்போது எதற்கு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்பதாக இல்லை. இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு காலையில் இங்கே இருப்பாய். வந்து அவர் எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல். அடித்தால் வாங்கிக்கொள், பேசாமல் எழுந்து போனால் பின்னாலேயே போ. எனக்காக வராதே, நான் பட வேண்டியதைப் பட்டுவிட்டேன்.

நீ வரவில்லை என்றால் நான் அவரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவரைத் தடுக்கவும் மாட்டேன். உன் பொய்யை எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவர் கூடப் போய் நிற்கும் தைரியம் இருக்கிறது. செவ்வாய் விடியற்காலையில் அந்த கேட்டுக்கு முன்னால் இருவரும் நிற்போம். யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கேட்பான். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விஜயபாண்டி வீட்டுக்கு, நான் அவன் அப்பா என்பார். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி யாருக்கும் இங்கே வீடு இல்லை பெரியவரே என்பான். அதை அவர் யாரோ ஒரு வாட்ச்மேன் வாயால் கேட்க வேண்டுமா, பெற்ற மகன் வாயால் கேட்க வேண்டுமா என்பது உன் கையில் இருக்கிறது.

தேவயானிக்கும் இனியனுக்கும் என் ஆசி. கோபம் எவ்வளவு இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுவதை என்னால் நிறுத்த முடியவில்லை, தீர்க்காயுசாக இரு. வண்டி திங்கட்கிழமை ராத்திரி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மொ. அய்யம்மாள்