அப்பா ஏற முடியாத வண்டி

நவநீதா, எழுந்ததும் இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார். கோபத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு அம்மா எழுதியிருப்பதைப் படி.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் அந்தச் சொகுசு வண்டியைப் பழசாக வாங்கினாய். நம் மணல் சந்தில் அடி தட்டாமல் வரட்டும் என்று உசரமானதாகப் பார்த்து வாங்கினாய். நேற்று தெருவே பார்க்க அவரைத் தூக்கி உள்ளே வைத்தாய். "நான் என்ன மீன் கூடையாடா?" என்று கத்தினார். "வண்டியத் திருப்பிக் குடுத்துடுறேன், போங்க" என்று நீயும் போய்ப் படுத்துவிட்டாய்.

இன்று விடியலில் அவர் தனியாக வண்டியிடம் போனார். கடலுக்குப் போன காலத்தில் படகில் தாவி ஏறுவாரே, அதேபோலக் கையை ஊன்றிக் காலைத் தூக்கிப் பார்த்தார். கால் எழவில்லை. கதவில் பதிந்த கைத்தடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

இப்போது ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வண்டிச் சாவி அரிசிப் பானை மேல் இருக்கிறது. மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு. வண்டியை வாங்கிக்கொடுத்த புரோக்கர் வந்தால், வண்டி எங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிடு.

மறந்துவிட்டேன்: கதவோரம் சின்ன ஸ்டூல் ஒன்று போட்டு வை. தூக்காதே, தோளை மட்டும் கொடு. இன்னும் எத்தனை தடவை ஏறப்போகிறாரோ.

நீயும் மருமகள் பிரதீபாவும் நன்றாக இருங்கள். உங்கள் வாசலில் யார் காலும் தடுமாறாதிருக்கட்டும்.