கிணற்றில் தள்ளாத முடிவு

போடி, 4-9-1936, வெள்ளி

கல்லூரியில் என்னோடு படித்தவன் எழுதிய நாவலை நேற்று முடித்தேன். இருநூறு பக்கம் ஓர் இளம் விதவைக்காகக் கண்ணீர் வடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டான். கோழை. தேர்விலும் பாதிக் கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுவான். இன்று பத்திரிகைகள் அவனைச் சீர்திருத்தவாதி என்கின்றன. எனக்கு யார் என்ன பட்டம் தந்தார்கள்?

என் தங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவன் இறந்து இங்கே வந்ததிலிருந்து, ஏலக்காய் ஆய்ந்துகொண்டே நான் வாசிப்பதைக் கேட்பாள். இன்று மாலை கடைசி அத்தியாயம். கிணறு வந்ததும் எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே, அந்தப் பெண் மதுரைக்குப் போய்ப் படித்து உபாத்தியாயினி ஆனாள் என்று நானாகச் சொல்லி முடித்தேன். அவனுடையதைவிட நன்றாகவே இருந்தது.

தங்கை காய் ஆய்வதை நிறுத்தினாள்.

"ஏண்ணே, அங்கன என் வயசுக்காரியவளையும் சேத்துக்கிருவாகளா?"

"கதைதானே ஆத்தா."

"எழுதுனவுக விசாரிக்காமயா எழுதியிருப்பாக? நீங்க கொண்டுபோயி விட்டா நான் இருந்துக்கிருவேன்."

"பாக்கலாம்."

"அங்கனயும் வெள்ளைச் சேலைதான் கட்டணுமாண்ணே?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மாவிடம் சொல்ல அடுப்படிக்கு ஓடிவிட்டாள். இரவு சோறு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் இருவருக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.