கணீரென்று சொன்ன பொய்

வியாழக்கிழமை, திண்டிவனம்.

ஹெட்செட் உலகத்துக்கே சக்கரவர்த்தி நான்தான் என்று அக்கா மகள் செல்வியிடம் அளந்துவிட்டு, அவளுக்கு ஒன்று வாங்க விழுப்புரம் போனேன். நாளைக் காலை பத்து மணிக்கு அவளுக்கு போனிலேயே வேலை இன்டர்வியூ. டைப் அடித்துக்கொண்டே பேச வேண்டுமாம்.

கடையில் ஒரு மணி நேரம் பாட்டு கேட்டேன். தவில் சத்தத்தில் திருவாமாத்தூர் கோபுரமே ஆடியது.

“சார், ஒரு தடவை போன் பேசிப் பாத்துக்குங்க” என்றார் கடைக்காரர்.

“என் குரலுக்கு போனே வேணாம்யா. இங்கருந்து கூப்டா திண்டிவனத்துல பஸ்ஸு நிக்கும்!”

பேசிப் பார்க்காமலே வாங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஒத்திகை. மொட்டைமாடியில் போனோடு நான் இன்டர்வியூ அதிகாரி, கீழே புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள். அவள் குரல் ஏழு கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது. பாதி வார்த்தை வந்து சேரவே இல்லை.

“கேக்குதா மாமா?”

“கணீர்னு கேக்குதும்மா!” என்றேன். சக்கரவர்த்தி வேறென்ன சொல்வான்?

மாற்றி வாங்கலாமென்றால் கடை திறப்பதும் பத்து மணிக்குத்தான். என் பழைய ஒயர் ஹெட்செட் டிராயரில் கிடக்கிறது. அதில் குரல் தெளிவாகப் போகும். எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்ல மூன்று முறை எழுந்து, மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறாள். “முழிச்சிக்கினு இருக்கியா மாமா? இன்னொரு வாட்டி போன் போடேன், பயமா இருக்குது.”

சக்கரவர்த்தி கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு டிராயரைத் திறக்கிறான்.