நான் வாங்கிக் கொடுத்த செல் பை

இன்று காலை போலாரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாளின் ரவிக்கைக்குள்ளே செல் அடித்தது. அவள் முந்தானையை ஒதுக்கி, கையை உள்ளே விட்டு எடுத்து, காதில் வைத்து, "ஆ, செப்பு" என்றாள். எத்தனையோ பெண்கள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். நீயும் அப்படித்தான் வைத்திருந்தாய், இடது பக்கம். அது நடுங்கினால் நீயும் ஒரு தரம் குலுங்கி, "யோவ், என் மாருல யாரோ கதவு தட்டறாங்க" என்று சிரிப்பாய்.

அந்த அம்மாள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, மாருல கட்டி கிட்டி இருக்குதான்னு எப்பவாச்சும் டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டுவிட்டேன். பஸ் மொத்தமும் திரும்பியது. அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் ஓடி வந்து, "கியா முசலே, மார் கானா ஹை கியா?" என்றான். கிழவனுக்கு உதை வேண்டுமா என்று கேட்கிறான். அடுத்த நிறுத்தத்தில் நானே இறங்கிவிட்டேன். வெட்கமாக இல்லை. வெட்கப்பட்ட காலத்தில்தான் உன்னைத் தொலைத்தேன்.

நீ போய் மூன்று வருஷம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள், நீ சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பார்ட்மெண்ட்டின் கோயமுத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கச் சொன்னாள், என்னால் முடியாது என்றேன். எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். மறக்கவும் வராது. போவன்பள்ளிக் காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவன், எந்த லாரியில் வந்த எந்த மூட்டை யாருடையது என்று சீட்டே இல்லாமல் சொன்னவன். அந்த ஞாபகம்தான் இப்போது என்னைத் தின்கிறது. நீ சொன்ன சொல், நான் சொன்ன பதில், அன்று நீ உடுத்தியிருந்த மஞ்சள் புடவை, ஒன்றும் மங்கவில்லை.

நம் மகளுக்காகத்தான் இந்த மடல். அவளை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

உனக்குக் கட்டி வருவதற்கு முந்தின வருஷம் இந்தப் பெண் உன்னைக் கூப்பிட்டாள். "அக்கா, எங்க கம்பெனியில பொம்பளைங்களுக்கு மார்பகப் பரிசோதனை வைக்கறாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க. வாங்க, ஆட்டோவுல போயிட்டு வந்துடலாம்" என்றாள். நீ கேட்டாயாம், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே கண்ணு, ஒண்ணுமில்லாததை இன்னாத்த பாக்கறது?" என்று. "ஒண்ணுமில்லாதப்பவே பாக்கறதுதான்க்கா அது" என்றாளாம் அவள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "ஏசி ரூம்ல குந்திக்கினு பட்டன் தட்டறவங்களுக்கு வர்ற நோவுய்யா அது. நமக்கு மூட்டுவலியே போதும், இதுக்கும் அதுக்கும் எங்க சம்பளத்தோட லீவு குடுக்கறாங்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். போய் வா என்று சொல்ல எனக்கு எத்தனை மூச்சு ஆகியிருக்கும்?

அடுத்த வருஷம், ஆடி மாசப் போனாலு பண்டிகை முடிந்த மறுநாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க ஒரு கட்டி மாதிரி கீதுய்யா" என்றாய்.

"எங்க?"

"அங்கதான்." செல் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாய்.

முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தோம். ஒரு பிள்ளை பெற்று வளர்த்தோம். அந்த இடத்தைச் சொல்ல நம் இருவரிடமும் ஒரு சொல் இல்லை. நான் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்திருக்கலாம். தட்டிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"வலிக்குதா?"

"வலியே இல்ல."

வலி இல்லை என்றதும் நான் பெரிய டாக்டர் ஆகிவிட்டேன். "செல்லு சூடுதான். எந்நேரமும் அதை அங்கியே சொருகிக்கினு இருந்தா கட்டாம இன்னா பண்ணும்? இடுப்புல வெச்சிக்க, தானா கரைஞ்சிடும்" என்றேன். மார்க்கெட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். செல்லைச் சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சுக்கு ஆகாது, தலையணைக்கு அடியில் வைத்தால் மூளைக்கு ஆகாது. யார் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாளே செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் நடைபாதைக் கடையில் நின்று, பொறுக்கிப் பொறுக்கி, நாடா வைத்த சிவப்பு ரெக்ஸின் பை ஒன்று வாங்கி வந்தேன். நீ அதை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் இரண்டு நடை நடந்தாய். "டிக்கெட், டிக்கெட்! யாரு அங்க டிக்கெட் வாங்காம நிக்கறது?" என்று என்னை அதட்டினாய். எனக்கு அவ்வளவு பெருமை. பெண்டாட்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தசராவுக்குக் கேட்டேன், "குறைஞ்சுதா?" என்று. "குறையற மாதிரிதான் கீது" என்றாய். தீபாவளிக்கும் அதே பதில். சங்கராந்திக்கு நான் கேட்கவே இல்லை. நீ பொய் சொன்னாய், எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாமே என்று சொன்னாய். நானும் அதே காரணத்துக்காக நம்பினேன். உகாதியன்று எண்ணெய் தேய்த்துவிட வந்த மகள்தான் உன் கையைத் தூக்கிப் பார்த்து அலறினாள். அக்குளில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று. மாரில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம், "கைக்கு இத்னா தேர் கரே பாபா?" என்றாள். ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறாள்.

"பை வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. விளங்கச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். செல்லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது, சின்னதாக இருக்கும்போதே வந்திருந்தால் கையில் எத்தனையோ வழி இருந்திருக்கும் என்றாள். பிறகு நம் மகளைப் பார்த்து, "உங்க அம்மாவுக்கு வந்திருக்கு. நீ மத்தவங்க மாதிரி இருந்துடக் கூடாது. ஒண்ணுமே இல்லேன்னாலும் வருஷா வருஷம் வந்து காட்டணும். சமஜ்?" என்றாள். மகள், "ஹவ் மேடம்" என்று தலையாட்டினாள்.

சொன்னதோடு சரி. நீ கண் மூடிய வருஷம் அவள் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. லோத்குண்டாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், உன் பேத்தி காலேஜுக்குப் போகிறாள், மாப்பிள்ளை கம்பெனிக் கார் ஓட்டுகிறார். எல்லாருக்கும் அவசரம். நான் மறைமுகமாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அந்த டாக்டரம்மா சொன்னதே..." என்று இழுப்பேன். "நாக்கேம் லேது நைனா" என்பாள். எனக்கு ஒன்றுமில்லை அப்பா. நீ சொன்ன அதே வார்த்தை. உன் குரல் தெலுங்கில் பேசுவது போல இருக்கும். அப்பாவும் மகளும் அதற்கு மேல் எப்படிப் பேசுவது? நானும் விட்டுவிட்டேன். உன்னிடம் செய்ததையே அவளிடமும் மூன்று வருஷம் செய்திருக்கிறேன்.

இந்த உகாதி கழிந்ததும் கோயமுத்தூர்ப் பெண் வீடு தேடி வந்தாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் படம் எடுக்கும் மெஷின் வைத்த வண்டி வருகிறது, காசு கிடையாது, பெண் டாக்டர்கள்தான் பார்ப்பார்கள் என்றாள். அன்று சாயங்காலம் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். "மார்ல கட்டி இருக்குதான்னு பாக்கறாங்களாம். நீ போவணும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சிக்கு லேதா நைனா நீக்கு? மகள்கிட்ட பேசற பேச்சா இது?" என்றாள். வெட்கமில்லையா என்று கேட்டாள்.

"இல்லைம்மா. அதையெல்லாம் உங்க அம்மாவோட சேத்து அனுப்பிட்டேன்."

"நக்கோ. நான் போகலை. விட்டுடு."

"நீ போகலைன்னா போவன்பள்ளி மார்க்கெட்ல ஏலம் விடற மேடைமேல ஏறி நின்னு கத்துவேன். இந்தாரு என் மகள், அவ அம்மா இப்படிச் செத்தா, இவ போய்க் காட்ட மாட்டேங்கறான்னு. என் தொண்டை உனக்குத் தெரியும்."

"கத்து போ. தக்காளி வெல எறங்கிடும்" என்றாள். சிரிக்கவில்லை.

ஞாயிறு காலையில் அவள் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். போய்விட்டு வருகிறவரை பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்றேன். எனக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மாத்திரையை அவள் கண் முன்னால் வாயில் போட்டுக்கொண்டேன். அது நியாயமான காரியம் இல்லை. பத்து மணிக்கு எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வெல்லக்கட்டியை என் வாயில் திணித்து, அழுதுகொண்டே செருப்பை மாட்டிக்கொண்டாள். "அம்மாவையும் நீதான் படுத்தினே, என்னையும் நீதான் படுத்தறே" என்று வழியெல்லாம் திட்டினாள். திட்டட்டும்.

மைதானத்தில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். ஆண் நான் ஒருவன். பெஞ்சியில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தமிழில் கேட்டாள். அதுவரை மறுத்தது, திட்டினது எல்லாம் தெலுங்கில்தான்; அவள் என்னிடம் தமிழில் பேசி எத்தனை வருஷம்!

"அம்மாவுக்கு மொதல்ல எங்க இருந்துச்சு நைனா?"

அத்தனை பெண்கள் நடுவில் என் சட்டைமேல் கை வைத்துக் காட்டினேன். இடது பக்கம், மேலே, அக்குளை ஒட்டி.

"எனக்கு வலது பக்கம்" என்றாள். "சங்கராந்திக்குக் கோலம் போட்டுட்டு வந்து குளிக்கறப்போ தட்டுப்பட்டுச்சு. வலி இல்லை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போக மாட்டேன் என்று அவள் பிடித்த அடம் அலட்சியம் இல்லை. உன் புண்ணைத் தினம் கழுவித் துணி மாற்றியவள் அவள். பார்க்காமல் இருந்தால் இருக்காது என்று இருந்திருக்கிறாள். நான் எழுந்து நின்று, "இதையே உள்ள போய்ச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. சங்கராந்தின்னு சொல்லு" என்றேன். அவள் பேரைக் கூப்பிட்டார்கள். போனாள்.

படம் எடுத்து, கையாலும் பார்த்துவிட்டு, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுமில்லாத கட்டியாகவும் இருக்கலாம், அந்த நோவாகவும் இருக்கலாம், எப்படியானாலும் சின்னது என்றார்களாம். தெருவில் அதற்குள் ஒருத்தி வந்து, ஊசி குத்தினால் பரவிவிடும், போகாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மகள் மறுபடி நக்கோ என்கிறாள். அந்த டாக்டரம்மாவிடமே நேற்று போய்க் கேட்டேன். ஊசியால் பரவாது பாபா, ஊசிக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தால்தான் பரவும் என்றாள். அதை வந்து மகளிடம் மூன்று தரம் சொன்னேன். நாலாவது தரம் சொன்னபோது தலையை ஆட்டினாள்.

இந்த இடத்தில் எழுதுகிற பெண் பேனாவை வைத்துவிட்டாள். ஏனம்மா என்றேன். "எல்லாருக்கும் சொல்லிட்டு நானே ரெண்டு வருஷமா போகலீங்க தாத்தா. டைமே இல்லீங்க" என்றாள். வியாழக்கிழமை போகிறேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். செய்தபிறகுதான் மேலே எழுதவிட்டேன்.

நாளைக்குப் புதன். மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறார், நீங்கள் எதற்கு என்கிறார். நானும் போவேன். ஊசி வைக்கிற அறைக் கதவு வரைக்கும் போவேன். நீ கட்டியென்று சொன்னது போனாலுவுக்கு, உன்னை அழைத்துப்போனது உகாதிக்கு, எட்டொன்பது மாசம். இவள் கைக்குத் தட்டுப்பட்டது சங்கராந்திக்கு, போனது உகாதி கழிந்த கையோடு, மூன்று மாசம். நடுவில் ஐந்தாறு மாசம் இவளுக்கு மிச்சம். அது போதுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஊசி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அதற்கு மேல் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்தாறு மாசத்தைத்தான் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.